ஷோகேஸ் கிடைக்கவில்லை, ஸ்டால் மட்டும்தான்: என்ன செய்வது?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சி எடிசனில் இருக்கும் நான்கு பேர் இசைக்குழு. நான் வயலின் வாசித்துப் பாடுகிறேன். கிட்டார், டிரம்ஸ், மிருதங்கம் என்று மற்ற மூவர். ராகங்களை வைத்து ராக் பாணியில் சொந்தப் பாட்டுகள், ஆங்கிலத்திலும் தமிழிலும். தமிழ்ச் சங்கப் பொங்கல் விழா, கோயில் விழா, சில காபிக் கடைகள் என்று ஆறு வருடமாக வாசித்துவருகிறோம். கல்லூரிகளுக்குள் நுழைய ஆசைப்பட்டு, இந்த நவம்பரில் நடக்கும் கல்லூரி நிகழ்ச்சி முன்பதிவு மாநாட்டின் ஷோகேஸுக்கு, அதாவது மேடையில் வாசித்துக் காட்டும் வாய்ப்புக்கு, விண்ணப்பித்தோம். தேர்வாகவில்லை. ஆனாலும் ஒரு ஸ்டாலுக்குப் பணம் கட்டிவிட்டோம். அங்கே ஒலிபெருக்கி வைத்து வாசிக்கக் கூடாதாம். வாசிக்க முடியாத இடத்தில் ஒரு இசைக்குழுவை எப்படி அறிமுகப்படுத்துவது? ஆயிரம் நோட்டீஸ் அடித்து வைத்திருக்கிறேன். என் கணவர் இதைத் தண்டச் செலவு என்கிறார். இன்னொன்று: எங்கள் மிருதங்கக்காரர் மாணவர் விசாவில் இருக்கிறார். அதனால் சிக்கல் ஏதும் வருமா?

— எடிசனிலிருந்து ஒரு வாசகி

பதில்: உங்கள் கடைசி வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் கடிதத்திலேயே பெரிய விஷயம் அதுதான்.

எஃப்-1 விசாவில் இருக்கும் மாணவர் உரிய அனுமதி இல்லாமல் வளாகத்துக்கு வெளியே வேலை செய்யக் கூடாது. காசு வாங்கிக்கொண்டு மேடையில் வாசிப்பதும் வேலைதான். "அவருக்கு மட்டும் பங்கு கொடுக்காமல் இருந்துவிடலாமே" என்று தோன்றும். மற்ற மூவர் சம்பளம் வாங்கும் நிகழ்ச்சியில் நான்காமவர் சும்மா வாசித்தார் என்று சொல்லித் தப்பிக்க முடியும் என்று நம்பாதீர்கள். அவருடைய படிப்பும் எதிர்காலமும் அதில் அடங்கியிருக்கின்றன. உங்களில் யாராவது எச்-1பி விசாவில் இருந்தாலும் இதே கதைதான்: மனு போட்ட நிறுவனத்துக்கு மட்டுமே அவர் வேலை செய்யலாம், வார இறுதிக் கச்சேரி அதில் வராது. எச்-1பி விசாக்காரரின் துணைக்குத் தரும் எச்-4 விசா என்றால் வேலை அனுமதி அட்டை தனியாக வேண்டும். ஆகவே மாநாட்டுக்குப் பெட்டி கட்டுவதற்கு முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அந்த மாணவர் தன் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்கட்டும். நண்பர்கள் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அவர் இல்லாமல் வாசிக்க வேண்டிவந்தால் யார் மிருதங்கம் வாசிப்பார், அல்லது மிருதங்கம் இல்லாத வடிவம் எப்படி இருக்கும் என்பதையும் இப்போதே யோசித்துவிடுங்கள். கல்லூரிக்கு ஒன்றைக் காட்டிவிட்டு வேறொன்றைக் கொண்டுபோனால் அங்கே மறுபடி கூப்பிட மாட்டார்கள்.

சரி, இப்போது ஸ்டாலுக்கு வருவோம்.

இந்த மாநாடுகள் எதற்காக உண்டாயின என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இந்தத் துறையின் பெரிய அமைப்பான நேஷனல் அசோசியேஷன் ஃபார் கேம்பஸ் ஆக்டிவிட்டீஸ், அதாவது என்.ஏ.சி.ஏ., 1960-ல் தொடங்கியபோது அதன் பெயரே பிளாக் புக்கிங் கான்ஃபரன்ஸ். ஒரே வட்டாரத்தில் உள்ள கல்லூரிகள் சேர்ந்து ஒரே கலைஞரை அடுத்தடுத்த நாட்களில் வரவழைத்தால் எல்லோருக்கும் விலை குறையும், கலைஞருக்கும் வண்டி காலியாக ஓடாது. அப்படிச் சேர்த்து எடுக்கும் தொகுப்புதான் பிளாக். மளிகைக் கடையில் நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து மூட்டையாக வாங்கிப் பிரித்துக்கொள்வது போல. அமைப்பின் பெயர் பல தடவை மாறிவிட்டது, ஆனால் ஸ்டால்கள் இருக்கும் கூடத்துக்குள் நடக்கும் வியாபாரம் இன்றும் அதேதான். ரேட் சொல்லும் முறையே அதைக் காட்டும்: தனி நிகழ்ச்சிக்கு ஒரு விலை, ஐந்து நாளில் மூன்று நிகழ்ச்சி என்றால் ஒரு விலை, ஏழு நாளில் ஐந்து என்றால் இன்னும் குறைந்த விலை. உதாரணத்துக்கு 2,500, 2,000, 1,700 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுடைய மூன்று எண்கள் என்ன? யாராவது கேட்டால் கண்ணிமைக்காமல் சொல்ல வேண்டும். "அது வந்து, தூரத்தைப் பொறுத்து..." என்று இழுத்தீர்கள் என்றால் கேட்ட கல்லூரி மாணவி தலையாட்டிவிட்டு அடுத்த ஸ்டாலுக்குப் போய்விடுவாள். பயணம், தங்குமிடம், ஒலி எல்லாம் அடங்கிய ஒரே தொகையாகச் சொல்லுங்கள். கமிட்டியில் பட்ஜெட் போடும் பிள்ளைகளுக்கு அதுதான் வசதி.

அங்கே வருபவர்கள் யார்? பெரும்பாலும் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள். தங்கள் கல்லூரியின் நிகழ்ச்சிக் குழுவில் இருப்பவர்கள். மாணவர்கள் கட்டும் செயல்பாட்டுக் கட்டணத்திலிருந்து வரும் பணத்தைச் செலவு செய்யும் பொறுப்பு அவர்களுடையது. கூடவே ஒரு அட்வைசர் இருப்பார், கல்லூரி ஊழியர். மாணவர்கள்தான் யாரை அழைப்பது என்று முடிவெடுப்பார்கள், ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட அவர்களுக்கு அதிகாரம் இருக்காது. அது கல்லூரி அதிகாரியிடமிருந்து வரும். மாணவர்கள் வருடா வருடம் மாறுவார்கள், அட்வைசர் இருப்பார். ஆகவே இருவருடைய மின்னஞ்சலையும் வாங்குங்கள்.

இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. உங்கள் ஸ்டாலுக்கு வரும் அந்த மாணவி அங்கேயே முடிவெடுக்கப் போவதில்லை. ஊருக்குத் திரும்பி, அடுத்த வாரம் ஏதோ ஒரு மாலை, பீட்சா பெட்டிகளுக்கு நடுவே எட்டுப் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் கமிட்டி அறையில், "ஒரு குழுவைப் பார்த்தேன்" என்று உங்களைப் பற்றிச் சொல்லப் போகிறாள். அந்த அறையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். அவள் என்ன சொல்வாள்? ஸ்டாலில் நீங்கள் செய்யும் ஒவ்வொரு காரியத்தையும் இந்தக் கேள்வியை வைத்து முடிவு செய்யுங்கள்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த முதல் வருடம் இது எனக்குத் தெரியாது. ஒரு நாட்டுப்புற ராக் குழுவுக்காக ஸ்டால் போட்டேன். பேனா, ஸ்டிக்கர், சாக்லேட் என்று மேசை நிறைய வைத்தேன். கூட்டம் அலைமோதியது. மூன்று நாளில் எல்லாம் தீர்ந்தது, நான் மகிழ்ந்துபோனேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் என் கையில் இருந்தது பதினோரு பெயர்கள். அவர்களில் யார் என்ன கேட்டார், எப்போது நிகழ்ச்சி வேண்டும் என்றார் என்று எதுவுமே எழுதி வைக்கவில்லை. அந்த வருடம் அந்த மாநாட்டால் எங்களுக்கு ஒரு நிகழ்ச்சி கூட வரவில்லை. அந்தக் குழுவின் பாடகர் என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அதனால்தான் அது இன்னும் உறுத்துகிறது.

ஆகவே பேனாவுக்குச் செலவு செய்யாதீர்கள். உங்களிடம் இருப்பது அதைவிட நல்ல பொருள்: கொன்னக்கோல், அதாவது தாளச் சொற்களை வாயால் சொல்லும் கலை.

ஒலிபெருக்கி இல்லை, வாத்தியமும் கூடாது என்றாலும் வாயும் கையும் இருக்கின்றனவே. (மாநாட்டின் விதிகளை ஒரு முறை படித்துவிடுங்கள். பக்கத்து ஸ்டாலுக்கு இடைஞ்சல் வராத குரலில் பேசிக்கொள்வதை யாரும் தடுக்க மாட்டார்கள்.) வரும் பிள்ளையிடம் பெயர் அட்டையைப் பார்த்து எந்தக் கல்லூரி என்று கேளுங்கள். பென்சில்வேனியா என்றால் அவர்கள் சொல்லும் உச்சரிப்பில் நான்கு அசை: தகதிமி. யூனிவர்சிட்டி என்றால் ஐந்து: தகதகிட. இரண்டையும் கைதட்டிச் சொல்லிக் காட்டுங்கள், அவர்களையும் சொல்ல வையுங்கள். நாற்பது விநாடி போதும். அவர்கள் மூன்று பேராக வந்திருப்பார்கள், தனியாக யாரும் அந்தக் கூடத்தில் சுற்றுவதில்லை. ஒருவர் தாளம் போட, ஒருவர் தகதிமி சொல்ல, மூன்றாமவர் தகதகிட சொல்லிச் சறுக்கிச் சிரிப்பார். கமிட்டி அறையில் அந்தப் பெண் இதைத்தான் செய்துகாட்டுவாள். வழவழப்பான தாளில் அச்சடித்த எந்த நோட்டீஸாலும் அது முடியாது.

அதோடு நிற்க வேண்டாம். அதையே ஒரு பயிலரங்காக விலைப்பட்டியலில் சேருங்கள்: மதியம் ஒரு மணி நேரம் கொன்னக்கோல் பயிலரங்கு, இரவு கச்சேரி. நிகழ்ச்சிக் குழுவிடம் பணம் குறைவாக இருந்தாலும் இசைத் துறை, பன்முகக் கலாசார அலுவலகம் போன்றவை பயிலரங்கு என்றால் ஒரு பங்கு தர வாய்ப்புண்டு. அவை தனி பட்ஜெட் வைத்திருக்கும் இடங்கள். ஆசிய அமெரிக்கப் பாரம்பரிய மாதம் மே என்று நாடு முழுவதும் சொன்னாலும், மே மாதத்தில் பிள்ளைகள் ஊருக்குப் போய்விடுவதால் பல வளாகங்கள் ஏப்ரலிலேயே கொண்டாடுகின்றன. நவம்பரில் பேசினால் ஏப்ரல் தேதிக்குச் சரியாக இருக்கும். தீபாவளிக்கும் கூப்பிடுவார்கள், போங்கள். ஆனால் "தீபாவளிக்குக் கூப்பிடும் குழு" என்ற பெட்டிக்குள் உட்கார்ந்துவிடாதீர்கள். நீங்கள் வருடம் முழுவதும் வாசிக்கக்கூடிய ராக் குழு. ஸ்டால் பேனரில் விளக்கும் கோலமும் போடாமல், நீங்கள் நால்வரும் வாசித்துக்கொண்டிருக்கும் ஒரு நல்ல படத்தைப் பெரிதாகப் போடுங்கள்.

ஆயிரம் நோட்டீஸ் பற்றி. நீங்கள் அனுப்பிய மாதிரியைப் பார்த்தேன். குருவின் பெயர், பரம்பரை, அரங்கேற்றம், சங்க விழாக்கள் எல்லாம் இருக்கின்றன. அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் ஓஹையோவில் ஒரு சிறு கல்லூரியின் நிகழ்ச்சிக் குழுவுக்கு அது எதையும் சொல்லாது. பாதிப் பக்க அளவில் இருநூறு அட்டை புதிதாக அடியுங்கள். ஒரு படம். ஒரே வரி அறிமுகம்: "வயலினும் மிருதங்கமும் உள்ள ராக் குழு, மதியச் சாப்பாட்டுக் கூடத்திலும் வாசிப்போம், இரவு மேடையிலும் வாசிப்போம், ஒலி அமைப்பு எங்களுடையதே." பிறகு மூன்று ரேட், ஓட்டிக்கொண்டு வரக்கூடிய மாநிலங்கள், ஃபோன், வீடியோவுக்கு ஒரு க்யூஆர் குறி. ஃபியூஷன் என்ற சொல் வேண்டாம், அது யார் காதிலும் ஒட்டாது.

"ஒலி அமைப்பு எங்களுடையதே" என்று சும்மா எழுதவில்லை. சிறிய கல்லூரிகளில் இதுதான் பல நேரம் முடிவைத் தீர்மானிக்கும். வெளியிலிருந்து ஒலி அமைப்பு வாடகைக்கு எடுத்தால் அவர்களுக்கு உங்கள் சம்பளத்தோடு இன்னொரு பெரிய செலவு. இருநூறு பேர் உட்காரும் கூடத்துக்குப் போதுமான இரண்டு ஸ்பீக்கர், ஒரு சிறு மிக்ஸர், மைக்குகள் எல்லாம் சங்க விழாக்களுக்காக ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் ஸ்டால் அலங்காரத்துக்கு வைத்த பணத்தை அதில் போடுங்கள். மதிய நிகழ்ச்சி என்பது பதினொன்றரையிலிருந்து ஒரு மணி வரை, பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டே கேட்பது. பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியாத சத்தமாக இருந்தால் சாப்பாட்டுக் கூட மேலாளரே வந்து நிறுத்துவார். அதற்கு வயலினும் மிருதங்கமும் மட்டும் உள்ள இருவர் வடிவம், அல்லது வயலினும் கிட்டாரும், மிகப் பொருத்தம். அதற்கு ஒரு தனி ரேட் வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் குழுவுக்குக் காசில்லாத கல்லூரி இருவரை அழைக்கும், அடுத்த வருடம் நால்வரையும் அழைக்கும். இப்படி வளர்ந்த குழுக்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஸ்டாலில் ஒரு டேப்லெட், ஒரு கம்பியில் மூன்று ஹெட்ஃபோன் மாட்டும் பிரிப்பான். முக்கால் நிமிட வீடியோ. ஹெட்ஃபோன் போடாதவரும் நின்று பார்க்கும்படி எழுத்து ஓட வேண்டும். வீடியோவில் முதல் ஐந்து விநாடிக்குள் நீங்கள் வாசிக்க வேண்டும், ஆலாபனையில் தொடங்க வேண்டாம். முடிந்தால் ஏதாவது ஒரு வளாகத்தில், சின்ன நிகழ்ச்சியாக இருந்தாலும் சரி, மாணவர்கள் கேட்கும் காட்சி இருக்கட்டும். பட்டுப்புடவை மாமிகள் முன்வரிசையில் இருக்கும் வீடியோ எனக்குப் பிடிக்கும், ஆனால் அந்தப் பிள்ளைகள் அதில் தங்கள் கல்லூரியைக் காண மாட்டார்கள். மின் இணைப்புக்குப் பல இடங்களில் தனிக் கட்டணம் கேட்பார்கள், அதனால் பவர் பேங்க் இரண்டு எடுத்துப் போங்கள்.

ஷோகேஸ் கிடைக்காத வருத்தத்தை ஸ்டாலுக்குக் கொண்டுவராதீர்கள். ஷோகேஸ் முடிந்து கூடம் திறந்ததும் பிள்ளைகள் இப்போதுதான் மேடையில் பார்த்தவர்களைத் தேடி ஓடுவார்கள். முதல் அரை மணி நேரம் உங்கள் பக்கம் காலியாக இருக்கும். அப்போது ஃபோனைப் பார்த்துக்கொண்டு உட்காராமல் நின்றுகொண்டிருங்கள், மேசைக்குப் பின்னால் இல்லாமல் பக்கவாட்டில். நடைபாதையில் இறங்கி ஆட்களைப் பிடித்து இழுக்கவும் கூடாது, மற்றவர் ஸ்டால் முன் போய் நின்று பேசவும் கூடாது. இரண்டுமே அங்கே பெரிய அவமரியாதை. கடைசி முக்கால் மணி நேரம்தான் உங்களுடையது. கால் வலிக்க, பை நிறைய காகிதத்தோடு அவர்கள் மெதுவாக நடக்கத் தொடங்கும் நேரம். இரண்டு நாற்காலி கூடுதலாகப் போட்டு வையுங்கள். என் இரண்டாவது வருடத்தில் ஒரு மாணவன் கால் வலிக்கிறது என்று வந்து உட்கார்ந்தான். பதினைந்து நிமிடம் அவன் கல்லூரியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அந்த வசந்தகாலப் பருவத்தில் அவன் கல்லூரியும் பக்கத்தில் மூன்று கல்லூரிகளும் எங்களை எடுத்தன.

அவனிடம் நான் கேட்டது சில கேள்விகள்தான். உங்கள் வளாகத்தில் எந்த நாளில் பிள்ளைகள் வெளியே வருவார்கள்? போன வருடம் எது நன்றாகப் போனது? எது ஆளே வராமல் வீணானது? எந்த மாதத்துக்கு இன்னும் ஆள் தேவை? இந்த நான்காவது கேள்விக்கு வரும் பதிலை அட்டையின் பின்னால் உடனே எழுதுங்கள். அவர் முன்னாலேயே எழுதலாம், தவறாக நினைக்க மாட்டார். நவம்பர் மாநாட்டில் பேசுவது பெரும்பாலும் அடுத்த ஜனவரி முதல் ஏப்ரல் வரையான தேதிகளுக்கு. ஆகஸ்ட், செப்டம்பரில் வரும் வரவேற்பு வாரத்துக்குப் பிப்ரவரியில்தான் சூடு பிடிக்கும்.

யாராவது ஒரு தேதி சொன்னதும் வரைபடத்தை எடுங்கள். ஸ்க்ராண்டனில் ஒரு கல்லூரி வியாழக்கிழமை வேண்டும் என்கிறது என்று வையுங்கள். வில்க்ஸ்-பாரி அங்கிருந்து அரை மணி நேரம். ஈஸ்ட் ஸ்ட்ரௌட்ஸ்பர்க் உங்கள் வீட்டிலிருந்து போகும் வழியிலேயே. அந்த ஊர்க் கல்லூரிகளின் பிள்ளைகள் அதே கூடத்தில் எங்கோ நடந்துகொண்டிருப்பார்கள். "புதன் அல்லது வெள்ளி உங்களுக்கு வசதிப்பட்டால் மூவருக்கும் விலை குறையும்" என்று சொல்லிப் பாருங்கள். அந்த மாணவரே போய் அடுத்த கல்லூரியை அழைத்துவருவார், அதற்காகத்தானே அவர்களும் வந்திருக்கிறார்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: அங்கே அவர்கள் நிரப்பித் தரும் விருப்பப் படிவம் ஒப்பந்தம் ஆகாது. கையெழுத்தான ஒப்பந்தம் வரும்வரை வேலையில் விடுப்பு எடுக்காதீர்கள், வேன் பதியாதீர்கள்.

மாநாடு முடிந்த மூன்று நாளுக்குள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மின்னஞ்சல். எல்லோருக்கும் ஒரே கடிதம் வேண்டாம். அட்டையின் பின்னால் எழுதிய அந்த வரி கடிதத்தின் முதல் வரியாக இருக்கட்டும். நன்றித் திருநாள் விடுமுறைக்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு. அதன்பின் டிசம்பர் நடுவரை தேர்வு, பிறகு ஜனவரி நடுவரை வளாகமே உறங்கும். அந்த இடைவெளிக்குள் விழுந்த பேச்சுவார்த்தை பெரும்பாலும் எழுந்துவராது. பதில் வந்ததும் கொடுக்க வேண்டிய காகிதங்களைத் தயாராக வையுங்கள்: வரி விவரத்துக்கான டபிள்யூ-9 படிவம், மேடை அமைப்புப் படம், யாருக்கு எத்தனை மைக் என்ற பட்டியல். பல கல்லூரிகள் பொறுப்புக் காப்பீட்டுச் சான்றிதழும் கேட்கும், பெரும்பாலும் 10 லட்சம் டாலருக்கு. பணம் நிகழ்ச்சியன்று கையில் கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். அரசுப் பல்கலைக்கழகங்களில் ஒரு மாதம் கழித்துக் காசோலை வருவது சாதாரணம். பெட்ரோலுக்கும் அறைக்கும் கைப்பணம் வேண்டும்.

உங்கள் கணவரைப் பற்றி. அவர் கேட்பது நியாயமான கேள்வி. அவருக்குக் கோபமாகப் பதில் சொல்லாமல் ஒரு தாளில் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்: உறுப்பினர் கட்டணம், ஸ்டால், மூன்று இரவு விடுதி, சாப்பாடு, அட்டைகள். இந்தத் தொகையை எத்தனை நிகழ்ச்சிகளின் லாபம் ஈடுகட்டும் என்று பாருங்கள், சம்பளத்தை வைத்துக் கணக்கிட வேண்டாம். நான்கு பேருக்குப் பங்கு, பெட்ரோல் எல்லாம் போன பிறகு மிஞ்சுவதை வைத்து. அனேகமாக இரண்டு பிளாக், அதாவது ஐந்தாறு நிகழ்ச்சி, வேண்டியிருக்கும். ஷோகேஸ் இல்லாமல் முதல் வருடத்தில் அது எட்டக்கூடியதுதான், ஆனால் நிச்சயம் என்று நான் சொல்ல மாட்டேன். அவரையும் மாநாட்டுக்கு அழைத்துப் போங்கள். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது குறிப்பு எழுத ஒரு ஆள் வேண்டும், செலவில் கண்ணாக இருப்பவர் குறிப்பிலும் கண்ணாக இருப்பார்.

அப்புறம், அங்கே வந்திருக்கும் ஏஜென்ட்களிடமும் பேசுங்கள். இப்போதே யாரிடமும் கையெழுத்துப் போட வேண்டாம். ஒரு பருவம் நீங்களே ஓட்டிப் பார்த்துவிட்டு, எத்தனை சதவீதம் கேட்கிறார்கள், தனி உரிமை கேட்கிறார்களா என்று விசாரித்துக்கொண்டு முடிவு செய்யலாம்.

வழக்கறிஞர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். மிருதங்கம் உண்டா இல்லையா என்பதைப் பொறுத்து அட்டையின் அந்த ஒரு வரி மாறும், இருவர் வடிவத்தின் ரேட்டும் மாறும். அதனால் அதற்கு முன் அச்சகத்துக்குப் போக வேண்டாம்.